ஜார்ஜ் டவுன் சாப்பாட்டு உலா: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: மலேசியாவின் பினாங்கு போகிறோம். ஜார்ஜ் டவுனில் வழிகாட்டியோடு நடந்தபடி சாப்பிடும் உலாவுக்குப் பணம் கட்டப் போகிறோம். காலை நல்லதா, மாலை நல்லதா? (திருச்சி வாசகி)

பதில்: ஒரே ஒரு தடவைதான் என்றால் மாலை. கிம்பர்லி தெரு, சூலியா தெரு தள்ளுவண்டிகள் பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும். காலையில் போனால் சௌராஸ்தா சந்தை, நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், லிட்டில் இந்தியா பலகாரம் என்று வேறு கணக்கு. மதிய வெயிலில் நடக்கும் உலா வேண்டவே வேண்டாம். கடைக்குக் கடை வார விடுமுறை மாறும். அதனால், “அன்றைக்கு எந்தெந்தக் கடை? மூடியிருந்தால் எங்கே கூட்டிப் போவீர்கள்?” என்று முன்பே எழுதிக் கேளுங்கள். கடைப் பெயரோடு பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சீனக் கடைகள் பலவும், ரமலான் பகலில் முஸ்லிம் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

கேள்வி: மூன்று மணி நேரத்தில் எட்டு பதார்த்தம் என்கிறார்கள். மூன்றாவதிலேயே வயிறு நிரம்பிவிடாதா? (கோவை வாசகர்)

பதில்: நிரம்பும், முதலிலேயே நாசி கண்டார் என்ற கறிச்சோற்றுக் கடையில் உட்கார்ந்தால். சோறும் கறியும் கடைசிக்குப் போகட்டும். ஒரு தட்டை மூன்று நான்கு பேர் பகிர்வதுதான் முறை. சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் இன்னொரு விஷயமும் உண்டு. அடுப்பு முழு வேகத்தில் எரிய, தட்டுத் தட்டாகத்தான் புரட்டுவார்கள். மொத்தமாகப் போட்டால் வாணலிச் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து குழையும். எட்டுப் பேரும் ஆளுக்கொரு தட்டு கேட்டால் பாதி நேரம் வரிசையிலேயே போய்விடும். அதில் கெராங் என்ற சிப்பி அரைவேக்காடாகத்தான் விழும். கர்ப்பிணிகளும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களும் “கெராங் தா மாவ்” (சிப்பி வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள்.

சீனக் காப்பிக்கடைகளில் உட்கார்ந்தால் பானம் வாங்கியாக வேண்டும், வாங்காவிட்டால் தனியாகக் காசு கேட்கும் கடைகளும் உண்டு. கடைக்குக் கடை பால் தேநீர் குடித்தால் அதுவே வயிற்றை அடைக்கும். “தே ஓ கோசோங்” கேளுங்கள்: பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பணம் வீணாகுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: பொதுவான உலாவில் சேர்ந்தால் வீண்தான். சைவம் என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தாலும் சிக்கல் தீராது. “இறைச்சி வேண்டாம்” என்றால் மீனும் இறாலும் வரலாம். இறைச்சி கண்ணில் படாத தட்டிலும் அசைவம் இருக்கும். பழ ரோஜாக் என்ற பழக் கலவையில் ஊற்றும் கருப்புக் குழம்பு ஹே கோ, அதாவது இறால் விழுது. கீரைப் பொரியலில் பெலாச்சான் என்ற இறால் கட்டி. இறால் போடாத குவே தியாவிலும் பன்றிக் கொழுப்பு. அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் சூப்பின் புளிப்பு நம் குடம்புளியின் உறவுக்காரப் புளியால் வருகிறது, ஆனால் குழம்பே மீன்தான்.

ரொட்டி சானாய் கேட்கும்போதும் கவனம்: சில கடைகளில் மாவிலேயே முட்டை சேரும். தொட்டுக்கொள்ளத் தரும் டால்சாவைப் பருப்பு என்று நம்பிவிடாதீர்கள், ஆட்டெலும்பு போட்டுக் கொதிக்க வைப்பதுண்டு. செண்டோல் என்ற குளிர் இனிப்பு, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் நூல் போன்ற பச்சை மாவுத் துண்டுகளுமாகச் சைவம். லிட்டில் இந்தியாவில் தோசை, வடை கிடைக்கும்.

சீனச் சைவக் கடைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. முட்டையை மட்டும் தனியாகக் கேளுங்கள். சீன நாள்காட்டியின் ஒன்றாம், பதினைந்தாம் நாள்களில் அங்கே கூட்டம் அதிகம். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வ விழா நடக்கும் ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். உங்களுக்கு அதுதான் பருவம்.

முஸ்லிம் வாசகர்களும் பதிவின்போதே ஹலால் உலா என்று கேட்பது நல்லது. இடத்தில் போய்ச் சொன்னால் பாதிக் கடையில் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நாசி கண்டாரில் விலைப்பட்டியலே இல்லையாமே? (காயல்பட்டினம் வாசகர்)

பதில்: பல கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். சோற்றில் தொடங்கி, ஒரு கறி, ஒரு காய், பிறகு குழம்பு. பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்ல “குவா சம்போர்”, சோறு மூழ்க வேண்டுமென்றால் “பஞ்சிர்”. இந்தக் கலவையில்தான் ருசி. ஒரே குழம்போடு நிறுத்திக்கொண்டால் சாதாரணக் குழம்புச் சோறுதான். பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை ஆகியவற்றில்தான் தொகை எகிறும். கரண்டி தட்டுக்கு வருமுன் விலை கேளுங்கள். தோளில் காவடி போலக் கூடை சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில் இது. இன்றும் பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

கேள்வி: வழிகாட்டி முறையானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அன்பளிப்பு தர வேண்டுமா? (சேலம் வாசகர்)

பதில்: மலேசியாவில் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயம். கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். அங்கே அன்பளிப்பு வழக்கமில்லை, பிடித்திருந்தால் தரலாம். கட்டணத்தில் சாப்பாடும் பானமும் சேர்த்தியா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.