மதியத் தூக்கம் ஒரு மணி நேரம்தான்; கதையை எப்போது எழுதுவது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. கல்லூரி நாளிலிருந்து சிறுகதை எழுதுகிறேன், ஐந்தாறு கதைகள் அச்சிலும் வந்திருக்கின்றன. அவள் பிறந்த பிறகு ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. மூன்று கதைகள் பாதியில் நிற்கின்றன. மதியம் அவள் தூங்கும் ஒரு மணி நேரத்தில் நோட்டை எடுத்தால், பழையதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறாள். இரவில் எனக்கே கண் சொருகிவிடுகிறது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுதச் சொல்கிறார்கள். அவள் பள்ளிக்குப் போகும்வரை பேசாமல் தள்ளிப்போட்டுவிடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். "பழையதைப் படித்து முடிப்பதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் கிடைக்கிற நேரத்தில் பாதி, கதைக்குள் திரும்ப நுழைவதிலேயே கரைந்துபோகிறது. நேரத்தைக் கூட்டுவது உங்கள் கையில் முழுதாக இல்லை. நுழையும் வேலையை நாளையே சுருக்கிவிடலாம்.

அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்து என்பது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருந்தது. உங்களுக்கு அதை முடிவு செய்வது மகள். அதனால் சின்ன மாற்றம் தேவை. உட்கார்ந்ததும் 20 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள் (ஒலி வேண்டாம், அதிர்வு போதும்). அது அடித்ததும், எவ்வளவு வேகமாக எழுதிக்கொண்டிருந்தாலும் நிறுத்தி, நாளைக்கான குறிப்பை மூன்று நிமிடத்தில் எழுதிவிடுங்கள். அதன்பிறகும் அவள் தூங்கினால் தொடருங்கள், அது கூடுதல் வரவு. கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று குறிப்பை விட்டுவைத்தால், கடைசி என்ற ஒன்று வராமலே அழுகுரல் வந்துவிடும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "அடுத்து கமலா, சாவி" என்று எழுதி வைத்தால் மறுநாள் அது உங்களுக்கே விடுகதை. இப்படி எழுதுங்கள்: "கமலா பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறாள். சாவி பக்கத்து வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் கேட்கப் போகமாட்டாள். ஏன் என்று இப்போது சொல்லிவிடக் கூடாது. அடுத்த வரி: செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்." ஆள் எங்கே இருக்கிறாள், அவளுக்கு என்ன தெரியும், வாசகரிடம் எதை மறைக்க வேண்டும், அடுத்த வாக்கியம் என்ன, இந்த நான்கும் இருந்தால் போதும். மறுநாள் முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள். கடைசிப் பத்தியையும் குறிப்பையும் மட்டும் படித்துவிட்டு, எழுதிவைத்த அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் இறக்குங்கள். முதலிலிருந்து படித்தால் கை தானாகத் திருத்தத்துக்குப் போகும்; திருத்திக்கொண்டே ஒரு மாதம் ஓடிவிடும், கதை நகராது.

நுழைவது சுருங்கிய பிறகு நேரத்தைப் பார்க்கலாம். மூன்று நாள் ஒரு கணக்கு எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் இரண்டே கேள்வி: கை சும்மா இருந்ததா, மனம் சும்மா இருந்ததா? குளிப்பாட்டும்போது இரண்டும் இல்லை. தோளில் போட்டுத் தூங்கவைக்கும்போது கை இல்லை, மனம் உண்டு. அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கை உண்டு, மனம் பாதி அவள்மேல். இரண்டும் சேர்ந்து கிடைப்பது மதியத் தூக்கத்தில் மட்டும் என்பது தெரியவரும். புதிய பக்கம் எழுதுவது அந்த நேரத்தின் வேலை. வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது, பாத்திரத்துக்குப் பெயர் தேடுவது, முடிவை யோசிப்பது எல்லாம் கை இல்லாத நேரத்துக்கு. எழுத்துப்பிழை பார்ப்பதும் படி எடுப்பதும் பாதி மனத்துக்குப் போதும்.

மதியத் தூக்கத்தில் முதல் பகுதியைக் கதைக்குக் கொடுங்கள். அவள் தூங்கியதும் பாத்திரம் கழுவி, துணி மடித்து, பிறகு எழுதலாம் என்று வைத்தால் எழுத்து எப்போதும் தூக்கத்தின் வால்பகுதிக்குப் போகிறது. தூக்கம் எப்போது தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். எப்போது முடியும் என்பது தெரியாது. அவள் விழித்திருக்கும்போதும் துணி மடிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள், வேலை இரட்டிப்பாகும், ஆனாலும் முடியும். கதையை அப்படி எழுத முடியாது.

இந்த மதியத் தூக்கமும் நிலையானதல்ல. பெரும்பாலான குழந்தைகள் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் அதை விட்டுவிடுவார்கள். ஆகவே இப்போதே 'அமைதி நேரம்' ஒன்றைப் பழக்கத் தொடங்குங்கள். ஒரு பெட்டியில் நாலைந்து பொம்மைகளும் படப் புத்தகங்களும், அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வர வேண்டும். முதல் வாரம் 5 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டலாம். மணல் கடிகாரம் இருந்தால் நல்லது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்பது குழந்தைக்குப் புரியாது, மணல் இறங்குவது புரியும். அதற்கு முன் பத்து நிமிடம் வேறெதுவும் செய்யாமல் அவளோடு விளையாடிவிடுங்கள். வயிறு நிறைந்த குழந்தை போல, கவனம் நிறைந்த குழந்தையும் கொஞ்சம் தள்ளி இருக்கும். பல்லி போல ஒட்டிக்கொள்ளும் நாளும் வரும். அன்று விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த நேரத்துக்கு டிவியையோ ஃபோனையோ கொடுக்கலாமா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. தினசரி எழுத்தை அதன்மேல் கட்டாதீர்கள். கதை அனுப்பக் கடைசி நாள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி தேவையில்லை.

நான்கு மணி யோசனைக்கு வருவோம். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விடிவதற்கு முன் எழுதியவர். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததால் வந்த பழக்கம் அது. பொழுது சாய்ந்தபின் தனக்குப் புத்தி கூர்மையாக ஓடாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதாவது, அவர் உடம்புக்கு ஒத்துவந்தது. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்பது மணிக்குப் படுக்க முடிகிறவர்களுக்கு மட்டுமே அந்த யோசனை பொருந்தும். இன்னொரு சங்கடம், விடிகாலையில் குழந்தையின் தூக்கம் லேசானது. பக்கத்தில் படுக்கிற பழக்கம் என்றால், நீங்கள் எழுந்த இடம் காலியானதும் அவளும் எழுந்து வந்துவிடுவாள். கடைசியில் இருவர் தூக்கமும் கெட்டதுதான் மிச்சம். செய்துதான் பார்ப்பேன் என்றால் வாரத்தில் இரண்டே நாள், ஐந்தரைக்கு.

கை இல்லாத நேரத்தில் தோன்றுவதைப் பிடித்துவைக்க ஃபோனில் குரல் பதிவு போதும். ஒரு பதிவில் ஒரு விஷயம்தான், முப்பது வினாடிக்குள். முதல் சொல்லாகக் கதையின் பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பத்து நாளில் நாற்பது பதிவு சேர்ந்து எது எதற்கென்று தெரியாது. இரண்டு நாளுக்குள் நோட்டில் ஏற்றிவிட வேண்டும். ஆறிப்போன பதிவு பெரும்பாலும் வெறும் முணுமுணுப்பு. பேசினால் தட்டச்சாகும் வசதியும் தமிழில் இருக்கிறது. அது நிறுத்தற்குறியைக் கோட்டை விடும், பேச்சுவழக்கு வசனத்தைக் கண்டபடி மாற்றும். குறிப்புக்கு உதவும், கதைக்கு உதவாது.

புதிய பக்கம் எழுதக் காகிதமே மேல். ஃபோனைக் கண்டால் குழந்தைக்கு அது வேண்டும். உங்களுக்கும் அதில் வேறு நூறு வேலை இருக்கும். நோட்டைக் கண்டாலும் கேட்பாள், அவளுக்கென்று ஒரு நோட்டும் இரண்டு மெழுகு வண்ணமும் கொடுத்துவிடலாம்.

இருபது நிமிடத் துண்டுகளில் ஒன்று மட்டும் நடக்காது: முழுக் கதையையும் ஒரே மூச்சில் படித்து, எந்தக் காட்சி வேண்டாம், எது இடம் மாற வேண்டும் என்று பார்ப்பது. அதற்கு வாரத்தில் ஒரு தடவை இரண்டு மணி நேரம் வேண்டும், வீட்டுக்கு வெளியே. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு விழும். வீட்டில் கேட்கும்போது "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் என்பதற்கு ஆளுக்கொரு அளவு. "சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை அவள் உங்கள் பொறுப்பு. மாற்று உடை இங்கே, சாப்பாடு பத்து மணிக்கு. அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். நூலகத்துக்குப் போங்கள், கதையை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

எவ்வளவு எழுதினால் போதும்? ஒரு உட்காரலுக்கு 200 சொல், நோட்டில் ஏறக்குறைய ஒரு பக்கம். வாரம் ஐந்து நாள் என்றால் 1000. ஒரு 2500 சொல் கதையின் முதல் வரைவு இரண்டரை வாரத்தில் நிற்கும். திருத்தத்துக்கு மூன்று சனிக்கிழமை. ஆறு வாரத்துக்கு ஒரு கதை என்று வையுங்கள். காய்ச்சல் வாரங்களைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஐந்தாறு தேறும். அவளுக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரே வாக்கியம் போதும், விட்டுப்போனதை அடுத்த வாரம் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நானூறு சொல் கடன் தலைமேல் இருந்தால் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

ஒன்று மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். எழுத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, பேச்சு, குழந்தை என்று எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது அட்டவணைக் கோளாறு இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

பாதியில் நிற்கும் மூன்று கதைகளில் எதைத் தொடுவது? நோட்டைத் திறக்காமல் ஒவ்வொன்றையும் நாலு வரியில் எழுதிப் பாருங்கள். எது தடங்கலில்லாமல் வருகிறதோ அது. மற்ற இரண்டையும் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, கைக்கெட்டாத அலமாரியில் வைத்துவிடுங்கள், உங்கள் கைக்கும்தான்.