மைக்கேல் ஆப்டெட் ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்தவர்தானே? அவருடைய சிறந்த படைப்பு எது?

அவரேதான். 1999-இல் வந்த 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' அவர் இயக்கியது. பாண்ட் படங்களில் அது சுமார் ரகம். என்னைக் கேட்டால், அவர் பெயர் நிலைப்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'அப்' ஆவணப்படத் தொடரால்தான்.

1964-இல் கிரனடா தொலைக்காட்சியில் அவர் புதுப் பையன். வெவ்வேறு வர்க்கங்களிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப்பிடிப்பது அவர் வேலை. 14 பேர் சிக்கினார்கள். 'செவன் அப்' என்ற அந்தப் படத்தை இயக்கியவர் பால் ஆல்மண்ட். ஒரே படத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் 1970-இல் ஆப்டெட் அதே பிள்ளைகளிடம் திரும்பப் போனார். அப்புறம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை, 2019-இல் அவர்களுக்கு 63 வயதாகும்வரை விடவேயில்லை.

வர்க்கம்தான் தலைவிதி என்பதைக் காட்டக் கிளம்பிய படம் இது. பல இடங்களில் மனிதர்கள் அதற்கு அடங்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். லண்டன் கிழக்குப் பகுதிப் பையன் டோனி எப்படியும் ஜெயிலுக்குத்தான் போவான் என்று ஆப்டெட் முடிவுகட்டி, 21 வயதில் அவனைக் குற்றங்களுக்குப் பேர்போன தெருக்களில் கார் ஓட்டவிட்டுப் படம்பிடித்தார். டோனி டாக்ஸி ஓட்டி, குடும்பம் நடத்தி, நன்றாகவே வாழ்ந்தார். தன் கணிப்பு தப்பு என்று ஆப்டெட்டே பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த 14 பேரில் ஒரு பெண்ணான ஜாக்கி இன்னும் ஒரு படி மேல். 49 வயதில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் கேட்கும் கேள்விகளும் என்னைக் காட்டும் விதமும் சரியில்லை என்று ஆப்டெட்டைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அதை வெட்டாமல் படத்தில் வைத்தாரே, அங்கேதான் ஆப்டெட் பெரிய இயக்குநர். 14 பேரில் நாலே பெண்களைச் சேர்த்தது அவருக்குக் கடைசிவரை உறுத்தல்.

இதற்கிடையில்தான் ஹாலிவுட் வேலையும். லொரெட்டா லின் என்ற பாடகியின் கதையான 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1980) படத்துக்காக சிஸ்ஸி ஸ்பேசெக் ஆஸ்கர் வாங்கினார். கதைப்படங்களில் ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் அதைப் பாருங்கள். 'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்', ஒரு நார்னியா படம் எல்லாம் அதற்கு அப்புறம்.

2021 ஜனவரியில் ஆப்டெட் காலமானார். தொடரைப் பார்ப்பதானால் '28 அப்'-இல் தொடங்கலாம். பழைய காட்சிகள் உள்ளேயே வரும். நேராக '63 அப்'-க்கு மட்டும் போய்விடாதீர்கள். அந்த 14 பேரில் ஒருவரான நிக்கைச் சின்ன வயதில் பார்க்காதவருக்கு, புற்றுநோயோடு உட்கார்ந்து பேசும் நிக் யாரோ ஒருவர்தான்.