ஆளுநர் தேர்தல்: சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் இருக்கிறான். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. 2026 நவம்பரில் அங்கே ஆளுநர் தேர்தலாம். "கவர்னருக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது? அதுவும் எண்ணி முடிக்கவே ஒரு வாரம் எடுக்கும் ஊரில்!" என்கிறான். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. நம் ஊரில் ஒரே நாளில் எண்ணிவிடுகிறார்களே! இத்தனை நாள் இழுத்தால் தில்லுமுல்லு நடக்காதா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நியாயமே இல்லை அம்மா. மகன் சொன்னதும் தப்பு, நீங்கள் தலையாட்டியதும் தப்பு.

உங்களைக் குழப்புவது 'ஆளுநர்' என்ற சொல். நம் ஆளுநரை குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அரிசோனா ஆளுநரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கணக்கில் அவர்தான் முதல்வர். இன்னும் சொன்னால், முதல்வருக்கு இல்லாத ஒன்று அவர் கையில் இருக்கிறது: சட்டமன்றம் எதிர்க்கட்சி வசம் இருந்தாலும் நான்கு ஆண்டு பதவியில் இருப்பார், அது நிறைவேற்றும் மசோதாவை வீட்டோ செய்து, அதாவது ஏற்க மறுத்து, திருப்பி அனுப்புவார். மசோதாவைக் கிடப்பில் போடும் வழியும் அங்கே கிடையாது. கூட்டத்தொடர் நடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளி, ஐந்தே நாள். அதற்குள் கையெழுத்தோ வீட்டோவோ இல்லையென்றால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும்.

இப்போதைய ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், ஜனநாயகக் கட்சி. சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சி கையில். 2023இல் 143 மசோதாக்கள், 2024இல் 73, 2025இல் 174 என்று வீட்டோ செய்திருக்கிறார். அதற்கு முன் ஒரே ஆண்டில் அதிகம் வீட்டோ செய்த ஆளுநர் ஜேனட் நாபொலிட்டானோ, 2005இல் 58. வீட்டோவை முறியடிக்க இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; அதாவது கீழவையில் 60க்கு 40, மேலவையான மாநில செனட்டில் 30க்கு 20. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது 33ம் 17ம். ஆகவே அங்கே எது சட்டமாகும், எது ஆகாது என்பதை அந்த ஒரு நாற்காலி தீர்மானிக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநிலப் பணத்திலிருந்து பிள்ளைக்குச் சுமார் 7,000 டாலர் கொடுக்கும் திட்டத்தைக் கட்டுப்படுத்துவதா விரிப்பதா, நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புது வீட்டுமனைகளை அனுமதிப்பதா என்பதெல்லாம் இந்தத் தேர்தலோடு சேர்ந்தே வருகிறது. சாண்ட்லரில் வீடும் பிள்ளையும் உள்ள யாருக்கும் இது தூரத்து விஷயம் இல்லை.

நாற்காலி கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். நாபொலிட்டானோ 2009இல் ஒபாமா அமைச்சரவைக்குப் போனார். துணை ஆளுநர் பதவி அப்போது அங்கே கிடையாது. ஆளுநர் விலகினால் மாநிலச் செயலர் (அவரும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்) அந்த இடத்துக்கு வருவார். நாபொலிட்டானோ ஜனநாயகக் கட்சி; அப்படி வந்த ஜான் புரூவர் குடியரசுக் கட்சி. குடியேறிகள் மீது நெருக்கடி கூட்டும் மசோதாக்களை நாபொலிட்டானோ தடுத்துவந்தார். புரூவரோ 2010 ஏப்ரலில், போலீஸ் வேறு காரணத்துக்காக நிறுத்திய ஆள் மீது சந்தேகம் வந்தால் அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்ற எஸ்.பி. 1070 சட்டத்தில் கையெழுத்திட்டார். வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; விசாரிக்கச் சொல்லும் அந்தப் பிரிவை விட்டுவைத்தது. நிறத்தைப் பார்த்தே வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டும் ஊரில் நம் பிள்ளைகளுக்கு இது என்ன என்று நான் விளக்க வேண்டாம். ஆளுநர் விலகினால் பதவி எதிர்க்கட்சிக்குப் போய்விடும் இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022இல் வாக்காளர்கள் துணை ஆளுநர் பதவியை ஏற்படுத்தினார்கள். 2026இல்தான் முதன்முறையாக ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாக நிற்கிறார்கள். வேட்பாளர் தன் ஜோடியைத் தேர்தலுக்கு 60 நாள் முன்பே அறிவித்துவிட வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. நம் ஊரில் ஒரே நாள் என்கிறீர்கள். எண்ணுவது ஒரு நாள்தான். காத்திருந்தது எத்தனை நாள்? 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டோம், மே 2 எண்ணினார்கள். 26 நாள் இயந்திரங்கள் பூட்டிய அறையில் இருந்தன. அதை நாம் தில்லுமுல்லு என்று சொல்லவில்லையே!

அரிசோனாவில் பெரும்பாலோர் வீட்டுக்கு வரும் தபால் ஓட்டுச்சீட்டில்தான் வாக்களிக்கிறார்கள். உறை வந்ததும் அதன் மேலிருக்கும் கையெழுத்தைப் பதிவில் உள்ள பழைய கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போன பிறகே இரண்டு கட்சியைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பிரித்து, சீட்டை மடிப்பு நீக்கி இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். தாமதம் எங்கே வருகிறது என்றால், ஓட்டுப்போட்ட உறையை வீட்டிலேயே வைத்திருந்து தேர்தலன்று நேரில் கொண்டுவந்து போடுகிறார்களே, அங்கேதான். 2022இல், சாண்ட்லர் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் அந்த ஒரு நாளில் வந்த உறைகள் சுமார் 2,90,000. நவம்பர் 8 நடந்த தேர்தலில் ஹாப்ஸ் வென்றது 14ஆம் தேதிதான் தெரிந்தது. வித்தியாசம் 17,117 ஓட்டு. பதிவானதோ 25 லட்சத்துக்கு மேல். நூலிழை வெற்றி என்பதால் கடைசி உறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தவறே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே நாளில் மாரிகோபாவில் பல மையங்களில் இயந்திரம் சீட்டுகளை ஏற்க மறுத்தது. ஓட்டுச்சீட்டு அந்த முறை 20 அங்குல நீளம், காகிதமும் தடிமன். சில அச்சு இயந்திரங்கள் அதற்குப் போதிய சூடு தராததால் மை சரியாக ஒட்டவில்லை. ஓரத்தில் வரிசையாக இருக்கும் கறுப்புக் கோடுகளை வைத்துத்தான் எண்ணும் இயந்திரம் எந்த வட்டம் யாருக்கு என்று கண்டுபிடிக்கிறது. அவை மங்கிப்போனால் சீட்டைத் துப்பிவிடும். துப்பிய சீட்டுகளைத் தனிப் பெட்டியில் போட்டு, தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். ஹாப்ஸிடம் தோற்ற கேரி லேக் தொடுத்த வழக்குகள் நிற்கவில்லை. அதே தேர்தலில் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவிக்கு வித்தியாசம் வெறும் 511. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் மறு எண்ணிக்கை கட்டாயம் என்பதால் திரும்ப எண்ணினார்கள். பினால் கவுண்டியில் சில நூறு ஓட்டுகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது, வித்தியாசம் 280 ஆகக் குறைந்தது. தவறு வெளியே வந்ததே எண்ணும் முறை வேலை செய்ததால்தான்.

நீங்கள் உண்மையில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் மகனின் பதிவை. அரிசோனாவில் மாநிலப் பதவிகளுக்கு ஓட்டுப் போட குடியுரிமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாமல், மத்திய அரசு வகுத்த கூட்டாட்சிப் படிவத்தில் பதிந்தவருக்கு மத்தியப் பதவிகள் மட்டும் அச்சிட்ட சீட்டுதான் வரும். இந்த முறை அரிசோனாவில் மத்திய செனட்டுக்கான தேர்தலும் இல்லை. அந்தச் சீட்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை உறுப்பினர் போட்டி ஒன்றுதான் இருக்கும். ஆளுநர் பெயரே இருக்காது.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தபோது வாங்கிய ஓட்டுநர் உரிமம், மோட்டார் வாகனத் துறைப் பதிவில் வெளிநாட்டவர் உரிமம் என்று குறிக்கப்பட்டிருக்கும். குடியுரிமை வந்தவுடன் அது தானாக மாறாது. அந்த உரிம எண்ணைப் படிவத்தில் எழுதினால் ஆதாரம் உறுதிப்படாமல் நின்றுவிடும். உரிம எண்ணை மட்டும் நம்பாமல், குடியுரிமைச் சான்றிதழ் எண்ணைப் படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். சான்றிதழோடு வாகனத் துறைக்குப் போய் உரிமப் பதிவையும் திருத்திவிடட்டும்.

பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. அதற்கு ஒரு மாதம் முன்பே கவுண்டி இணையதளத்தில் தன் பதிவைத் திறந்து பார்த்து, முழுச் சீட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று உறுதி செய்யட்டும். அக்டோபர் 7 முதல் முன்கூட்டிய வாக்குப்பதிவு. தபாலில் அனுப்புவதானால் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். தேர்தல் நாளான நவம்பர் 3 இரவு 7 மணிக்குள் உறை அலுவலகத்தில் இருக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதிக்கு மதிப்பில்லை. உறையில் போடும் கையெழுத்து, வாகனத் துறையின் சின்னத் திரையில் விரலால் கிறுக்கியதோடும் ஒப்பிடப்படலாம். ஒத்துப்போகவில்லையென்றால் கவுண்டியிலிருந்து கூப்பிடுவார்கள். தேர்தலுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் சரிசெய்யலாம். அதனால் படிவத்தில் கைபேசி எண்ணைத் தவறாமல் கொடுக்கட்டும், தெரியாத எண் என்று அந்த வாரத்தில் அழைப்பை வெட்ட வேண்டாம். நேரில் கொண்டுபோய் அடையாள அட்டையைக் காட்டிக் கொடுத்தால் கையெழுத்துச் சோதனையே வேண்டாம் என்று 2026 முதல் சட்டம் வழிசெய்திருக்கிறது.

இன்றிரவு மகன் கூப்பிடும்போது முதலில் கேளுங்கள்: "உன் லைசென்ஸ் எந்த வருஷம் வாங்கியதுப்பா?"