கொழும்பில் விஎப்எக்ஸ் ஸ்டூடியோ: மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: மகனுக்கு 22 வயது. உயர்தரம் முடித்து, பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் தவறாமல் வருகிறது. கொழும்பில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு விஎப்எக்ஸ் ஸ்டூடியோவில் (படக் காட்சிகளைக் கணினியில் மாற்றியும் சேர்த்தும் செய்யும் இடம்) மூன்றரை லட்சம் ரூபா கட்டினால் ஆறு மாதப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை நிச்சயம், இரண்டு வருடத்தில் கனடாவுக்கும் அனுப்புவார்கள் என்று எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். மாத முடிவுக்குள் பாதிக் காசு கட்ட வேண்டுமாம். சென்னையில் இருக்கும் என் அண்ணா, "படமே எடுக்காத ஊரில் என்ன ஸ்டூடியோ, நம்பாதே" என்கிறார். மகனோ வேலையை விடத் தயாராக நிற்கிறான். என்ன செய்வது? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: காசு கட்டாதீர்கள். மகன் வேலையை விடவும் வேண்டாம். மாத முடிவு நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிட்டேன், இனிக் காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணாவின் சந்தேகம் நியாயமானது, ஆனால் அவர் ஊரைச் சந்தேகிக்கிறார். இந்தத் தொழிலுக்கு ஊர் பெரிய விஷயமில்லை. ஹொலிவூட்டிலிருந்து ஒரு பெருங்கடல் தள்ளி, நியூசிலாந்தின் வெலிங்டனில் 1993இல் தொடங்கிய வேட்டா என்ற ஸ்டூடியோ இன்று உலகத்தின் முதல் வரிசையில் இருக்கிறது. கனடாவின் வன்கூவரும் மொன்றியலும் இந்தத் தொழிலில் வளர்ந்ததற்கு அங்குள்ள அரசுகள் கொடுத்த வரிச்சலுகை முக்கிய காரணம். மறுபக்கம், லொஸ் ஏஞ்சலிஸிலேயே இருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டூடியோ 2013 பெப்ரவரியில் திவாலானது. அதே மாதம்தான் அவர்கள் வேலை செய்த படத்துக்கு விஷுவல் எபெக்ட்ஸ் ஒஸ்கார் கிடைத்தது. 2025 பெப்ரவரியில் பல நாடுகளில் விஎப்எக்ஸ் ஸ்டூடியோக்கள் வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது லண்டனில் மட்டுமல்ல, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலையில்லாமல் நின்றார்கள். சினிமாவின் நடுவில் இருப்பதும் காப்பாற்றவில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஸ்டூடியோவுக்குக் காசு கொடுப்பது யார்? படம் எடுப்பவர்கள் ஷொட்டுக்கு (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டுக் காட்சிக்கு) இவ்வளவு என்று கொடுத்தால் அது ஸ்டூடியோ. சேர வரும் பிள்ளைகள் கொடுத்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒரு டியூட்டரி. கணக்குப் பாருங்கள். 30 பிள்ளைகள் மூன்றரை லட்சம் வீதம் கட்டினால் ஒரு கோடியே ஐந்து லட்சம். ஒரு ஷொட் கூடச் செய்யாமல் ஆறு மாதம் வாடகை, கரண்ட் பில், ஏசி எல்லாம் ஓடிவிடும். பிறகு அடுத்த அணி வரும். முதல் அணிக்கு "புரொஜெக்ட் தாமதமாகிறது, பொறுங்கள்" என்று பதில் வரும்.

மகன் அங்கே என்ன செய்வான் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ரொட்டோ. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க, அவரைச் சுற்றிக் கோடு போடுவது. படம் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படம். நடிகை திரும்பிப் பார்க்கும் நான்கு நொடி ஷொட் என்றால் 96 பிரேம். தலை, கழுத்து, தோள், கை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு. காற்றில் முடி பறந்தால் முடிந்தது கதை, அந்த நாலு மயிரிழைக்கே நாள் போய்விடும். பொறுமையும் குறைந்த கூலியும் வேண்டிய வேலை என்பதால்தான் அது நம் பக்கத்து நாடுகளுக்கு வருகிறது. இப்போது அதையே, மாதிரிகளைப் பார்த்துக் கணினி தானே பழகும் இயந்திரக் கற்றல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. படத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நியூக் மென்பொருளில் 2021 முதல் அப்படியொரு கருவி உள்ளேயே இருக்கிறது. மேலே ஏறினால், அதாவது கொம்பசிட்டிங் (பிரித்த துண்டுகளை ஒரே காட்சியாகச் சேர்ப்பது), லைட்டிங் (கணினிக் காட்சிக்கு ஒளி அமைப்பது) என்று போனால், கண்ணுக்கும் ரசனைக்கும் இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் ஆறு மாதத்தில் அங்கே கொண்டுபோய் விடுவோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்புறம், படிக்க மூன்றரை லட்சம் தேவையே இல்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருள் முழுக்க இலவசம். நியூக்குக்கும், நெருப்பு, தண்ணீர் போன்றவற்றைச் செய்யும் ஹுடினிக்கும், வியாபாரத்துக்கு அல்லாமல் பழகுவதற்கென்று இலவசப் பதிப்பு உண்டு. படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்புக்குள்ளேயே, கொம்பசிட்டிங் செய்யும் பியூஷன் இருக்கிறது. அந்தக் காசில் ஒரு பகுதிக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினி வாங்கினால் அது வீட்டில் இருக்கும்.

இனி அந்தத் "தெரிந்த ஒருவர்". அவருக்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கோயிலில் கண்டவர், ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம் என்று நாங்கள் கேட்கக் கூச்சப்படுகிறோம். இவர்களின் பிழைப்பே அந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது. "இரண்டு இடம்தான் மிச்சம்", "மாத முடிவுக்குப் பிறகு விலை கூடும்" என்பதெல்லாம் காணி விற்பவர்களின் பேச்சு. ஆள் தேவைப்படும் ஸ்டூடியோ இப்படி அவசரப்படுத்தாது. ஒரு சின்ன ஷொட்டைக் கையில் கொடுத்து, செய்துகொண்டு வா என்று அனுப்பிப் பார்க்கும்.

கனடா என்ற சொல்லை அவர் ஏன் சேர்த்தார் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி எழாது. வெளிநாட்டு வேலைக்கென்று ஆள் சேர்த்துக் காசு வாங்குபவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இல்லாமல் வாங்கினால் அது குற்றம். 2023இல் ஹொலிவூட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்த பிறகு வன்கூவரில் அனுபவசாலிகளே வேலை தேடி அலைந்தார்கள். ஆறு மாதம் படித்த பொடியனுக்கு அங்கே இடம் பிடித்துத் தருவதாகக் கொழும்பிலிருந்து எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஸ்டூடியோவை நேரில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுப் பட வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்பு கடுமையாக இருக்கும். போனை வாசலிலேயே வாங்கி வைப்பார்கள், வேலை செய்யும் கணினிகளில் இணையம் இருக்காது. "இது வரப்போகும் ஹொலிவூட் படம்" என்று சொல்லித் தன் போனிலேயே ஒருவர் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஷோரீல் (தாங்கள் செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு) போட்டுக் காட்டினால், ஒவ்வொரு ஷொட்டிலும் இவர்கள் செய்தது எந்தப் பகுதி என்று மகன் கேட்கட்டும். சம்பளம் வாங்கும் ஊழியர் எத்தனை பேர், அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றும் கேட்கட்டும். சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். பதில் இழுபட்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் குழப்பிக்கொண்டு நல்ல வாய்ப்பைத் தட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். சில ஸ்டூடியோக்கள் உங்களிடம் காசு வாங்காது. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்கும், பதிலுக்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ நிற்க வேண்டும், இடையில் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று பொண்ட் எழுதி வாங்கும். இது மோசடி அல்ல. பழக்கிவிட்ட ஆளை அடுத்த கம்பனி கொத்திக்கொண்டு போகும் தொழில் இது, அவர்களுக்கும் பயம் இருக்கும். அந்தத் தொகை மாதம் போகப் போகக் குறைகிறதா, அவர்களாகவே மகனை வேலையிலிருந்து நிறுத்தினால் நீங்கள் எதுவும் கட்டத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழ், பாஸ்போட், தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை, இந்த மூன்றையும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். இன்னொரு கள்ளத்தனமும் உண்டு: மூன்றரை லட்சம் வாங்கிவிட்டு, பயிற்சிக் காலத்தில் மாதம் 25,000 "சம்பளம்" தருவது. ஆறு மாதத்தில் ஒன்றரை லட்சம். உங்கள் காசில்தான் உங்களுக்குத் தருகிறார்கள். அது பொண்ட் அல்ல, சம்பளமும் அல்ல.

பதிவு பற்றி மூன்று இடங்களில் பார்க்க வேண்டும் என்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. கம்பனியா என்பதைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பயிற்சி நிலையமா என்பதை நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். கனடாப் பேச்சுக்குப் பணியகம். இந்த மூன்றிலும் பதிவு இருந்தாலும் "வேலை நிச்சயம்" என்ற வாக்குறுதியை எவரும் சோதித்ததாக அர்த்தமில்லை. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு அதையே அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். காசு போன பிறகு பொலிஸுக்குப் போனால், கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்ற பதில்தான் பலருக்குக் கிடைக்கிறது. மூன்றரை லட்சத்துக்கு எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறுவது?

இந்த வாரம் மகன் அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: "பயிற்சிக்குக் காசு கட்ட முடியாது. தேர்வு வைத்துப் பாருங்கள், தகுதி இருந்தால் சம்பளம் குறிப்பிட்ட நியமனக் கடிதம் தாருங்கள்." தொலைபேசியில் கதைக்க வேண்டாம், எழுத்தில்தான் கேட்க வேண்டும். பதில் வந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள். பொண்ட் ஏதும் இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன் வாசித்துச் சொல்கிறேன்.