கேணித் தண்ணீர் கரிக்கிறது, பங்குனியில் விதைக்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் 60 சென்ட் மணல் நிலம், ரசாயனம் போடுவதில்லை. மாசியில் 30 சென்டில் கத்தரியும் வெண்டையும் வைத்தோம். இப்போது இலை ஓரம் கருகுகிறது, கேணித் தண்ணீரும் கரிக்கிறது. மீதி 30 சென்டில் பங்குனியில் பீன்ஸும் சின்ன வெங்காயமும் போடலாமா? ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், போடவா?

பதில்: தங்கச்சி, மீதி 30 சென்டில் இப்போது எதுவும் வைக்காதீர்கள். பீன்ஸும் வெங்காயமும் உப்புக்கு ரொம்பப் பயந்த பயிர்கள், கேணி கரிக்கத் தொடங்கிய பிறகு அவற்றைப் போட்டால் விதைச் செலவும் வராது. மாசி, பங்குனியில் ஆசைப்பட்டு முழு நிலத்திலும் வைத்துவிட்டு, சித்திரையில் கேணியையே உப்பாக்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாகிவிடும்.

நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர்தான் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு, அப்படியென்றால் நீங்கள் மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால் கீழிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். அதனால் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டாதீர்கள். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, நடுவில் கேணி ஊறட்டும். புட்வால்வு, அதாவது உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கிற வால்வு, கேணி அடியில் கிடந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள்.

ஜிப்சம் வேண்டாம். அது களர் மண்ணுக்கு, சோடியம் பிடித்து இறுகிப்போன மண்ணுக்கு. உங்கள் மணலில் இருப்பது கரையும் உப்பு, நல்ல மழை பெய்தால் தானே கழுவிப் போய்விடும். சாம்பலும் கோழி எருவும்கூட இப்போது போடாதீர்கள், இரண்டிலும் உப்பு உண்டு.

நிற்கிற கத்தரிக்குப் பனையோலையோ தென்னை மட்டையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். வெயில் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும்போதுதான் உப்பு மேலே வந்து படிகிறது, பாரின், அதாவது செடி நிற்கிற மண் மேட்டின், உச்சியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இனி நடும் செடியை உச்சியில் வைக்காமல் பாரின் சரிவில் வையுங்கள். தண்ணீர் இலையில் படாமல் வேருக்குப் போகட்டும். அப்புறம் இன்னொன்று, சித்திரையில் லேசாகத் தூறல் போட்டால் அன்றைக்குப் பாசனத்தை நிறுத்தாதீர்கள், அந்தத் தூறல் மேலே படிந்த உப்பை வேருக்கு இறக்கிவிட்டுப் போய்விடும், நீங்கள் தண்ணீர் விட்டால்தான் அது வேரைத் தாண்டிக் கீழே போகும்.

வெண்டை செத்துப்போனால் அந்த இடத்தில் சீனியவரை (கொத்தவரை) ஊன்றுங்கள், ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை, அரை அடிக்கு ஒரு விதை. உப்பை நன்றாகத் தாங்கும், இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம்.

சும்மா கிடக்கிற 30 சென்டில் புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கியதும் பசுந்தாள் உரத்துக்கு 6 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். மார்கழியில் அங்கே சின்ன வெங்காயம் போடலாம், பீன்ஸை மறந்துவிடுங்கள், அது குளிர் கேட்கிற பயிர். இந்த வாரமே கேணித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பு அளவு என்ன வந்தது என்று எழுதுங்கள். கத்தரியைக் காப்பாற்ற முடியுமா, பிடுங்கிவிடலாமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.