சிடி ப்ளேயருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் ஓம்ஸ் ஒண்ணா இருக்கணுமா?

ஆடியோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம்ங்கண்ணா, நான் கொழிஞ்சாம்பாறை. பொண்ணு துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்போ ஒரு சிடி ப்ளேயர் கொண்டாந்து குடுத்துச்சு, ஆம்ப்ளிபையர் ஏற்கெனவே வீட்டுல இருக்குதுங்க. ப்ளேயரோட புக்குல அவுட்புட் இம்பீடன்ஸ் 200 ஓம்ஸ்னு போட்டிருக்கு, ஆம்ப்ளிபையர் இன்புட் 47 கிலோ ஓம்ஸ். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், மேட்ச் ஆகாது, நடுவுல மேட்சிங் ட்ரான்ஸ்பார்மர் போட்டே ஆகணும், ஜோடி 6000 ரூபான்னு கடையில சொல்றாங்க. வாங்கிரட்டுங்களா?

பதில்: வேண்டாங்க, அந்தக் காச அப்படியே வச்சிருங்க. உங்க வீட்டுல இருக்கறது நல்ல ஜோடி, எதுவுமே பண்ண வேண்டியதில்ல.

இம்பீடன்ஸ்னா சிக்னலோட கரண்டு ஓட்டத்துக்கு இருக்கற தடை, அத ஓம்ஸ்ல அளப்பாங்க. மேட்சிங்னா ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்னு நெனைக்கறதுதான் இங்க குழப்பம். பழைய டெலிபோன் லைன்ல அது நெசம், மைல் கணக்குல வயர் போகும், இந்த முனையும் அந்த முனையும் 600 ஓம்ஸ்னு வச்சாத்தான் பேச்சு எதிரொலி இல்லாம, முழு பவரோட போய்ச் சேரும், ரேடியோ ஸ்டேஷன்லயும் அந்த 600 ரொம்ப காலம் இருந்துச்சு. நம்ம வீட்டுல ப்ளேயர்ல இருந்து ஆம்ப்ளிபையருக்கு ஒரு மீட்டர் வயர்தானங்க, அதுல போகவேண்டியது பவர் இல்ல, வெறும் வோல்டேஜ். உப்பு காரம் பாக்கறவங்க உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பாத்தாப் போதும், அண்டாவையே கவுத்துக்கிட்டா குழம்பு எங்க மிஞ்சும்? ஆம்ப்ளிபையர் அந்த ரெண்டு சொட்டு எடுக்கற ஆளு, அதான் அதோட இன்புட் 47 கே, அதாவது 47 கிலோ ஓம்ஸ்னு பெருசா இருக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. 200 ஓம்ஸ்ல இருந்து வந்து 47,000 ஓம்ஸ்ல விழுந்தா நூத்துக்கு 99.5க்கு மேல வோல்டேஜ் போய்ச் சேருது. கடைக்காரர் சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் 200ன்னு ஆக்குனா சரிபாதி காணாமப் போயிரும், அதாவது 6 டெசிபல் நட்டம், ப்ளேயரும் தேவையில்லாம கஷ்டப்படும். குடுக்கற பக்கம் சின்ன நம்பர், வாங்கற பக்கம் அத மாதிரி பத்து மடங்காவது இருக்கணும், உங்களுக்கு 235 மடங்கு இருக்கு.

ஆனா பொருந்தாத ஜோடியும் உண்டுங்க, அத நானே பாத்திருக்கேன். சித்தூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டுல, ஆசையா கையால கட்டின வால்வு (பழைய ரேடியோவுல இருக்கற கண்ணாடிக் குழாய்) ப்ரீ ஆம்ப், அதாவது ப்ளேயர் சிக்னல மொதல்ல வாங்கற பெட்டி, அதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர ஓட்டற ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப். நாதஸ்வர சிடி போட்டாரு. தவில்ல வலந்தலை (கூர்மையா கேக்கற வலது பக்கம்) டக்கு டக்குன்னு தெளிவா விழுது, தொப்பி (கனத்த பேஸ் குடுக்கற இடது பக்கம்) சத்தம் மட்டும் எங்கயோ பக்கத்துத் தெருவுல அடிக்கற மாதிரி கேக்குது. ஸ்பீக்கரத்தான் மாத்தணும்னு அவர் கடன் வாங்கக்கூட தயாரா இருந்தாரு. ப்ரீ ஆம்ப் மூடியத் தெறந்து பாத்தா அவுட்புட்ல 0.22 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர் (டிசிய தடுத்து பாட்டு சிக்னல மட்டும் விடறது), பவர் ஆம்ப் இன்புட் 10 கே. இந்த ரெண்டும் சேந்தா 72 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் விழுந்துரும், அதுக்குக் கீழ இன்னும் வேகமா விழும், பேஸ் எங்கேர்ந்து வரும்? அதே கெப்பாசிட்டர் 100 கே இன்புட் உள்ள வால்வு பவர் ஆம்ப்புக்கு சரியாத்தான் இருந்திருக்கும், 7 ஹெர்ட்ஸ் வரைக்கும் போயிருக்கும். நாங்க அதே வோல்ட் தாங்கற 2.2 மைக்ரோ பாரட் ஒண்ணு போட்டோம், கொஞ்சம் காசுதான், தொப்பி வீட்டுக்குள்ள வந்துருச்சு, அவர் முகத்தப் பாக்கணுமே அன்னிக்கு! ஒண்ணு மட்டும் கவனம், இப்படி பெருசா போட்டா ப்ரீ ஆம்ப்ப மொதல்ல ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டுத்தான் பவர் ஆம்ப்ப ஆன் பண்ணணும், இல்லன்னா ஸ்பீக்கர்ல தொம்முன்னு ஒரு அடி விழும். வால்வு செட்டுல ஆப் பண்ணின பிறகும் நூத்துக்கணக்கான வோல்ட் நிக்கும், பழக்கம் இல்லாதவங்க மூடியே தெறக்கக்கூடாது.

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில இருந்து எழுதுதேன். ஹால்ல 8 ஓம்ஸ் பாக்ஸ் ரெண்டு இருக்கு, மாடிக்கு 4 ஓம்ஸ் பாக்ஸ் ரெண்டு வாங்கிருக்கேன், ரெண்டையும் ஒரே ஆம்ப்ல சேத்து போடலாமா? ஆம்ப் பின்னாடி 6 ஓம்ஸ் மினிமம்னு போட்டுருக்கு. 8 ஓம்ஸ் பாக்ஸ மல்டிமீட்டர்ல வச்சா 6தான் காட்டுது, ஏமாத்திட்டானோ?

பதில்: யாரும் ஏமாத்தல அண்ணாச்சி. மல்டிமீட்டர் காட்டுறது காயில் கம்பியோட டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்ல 6, ஆறரை காட்டுறது சரிதான். பாட்டு ஓடும்போது அந்த 8ங்கறது நிலையா நிக்காது, பேஸ்ல ஒரு இடத்துல 30 ஓம்ஸ்கூட தாண்டும்.

சேத்து மட்டும் போடாதீங்க. ஒரு சேனல்ல எட்டும் நாலும் பேரலலா விழுந்தா 2.67 ஓம்ஸ்தான், 6 கேக்குற ஆம்ப் அத எவ்வளவு நேரம் தாங்கும்? மெதுவா கேக்கும்போது ஒண்ணும் தெரியாது, கல்யாண நாள்ல நாலு பேர் வந்து வால்யூம் ஏத்தும்போதுதான் ஹீட் சிங்க் கொதிக்கும், அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போனா ஸ்பீக்கரையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். மாடி பாக்ஸ் தனியாவும் வேண்டாம், நாலு ஆறுக்குக் கீழ. முடிஞ்சா கடையில மாத்தி 8 ஓம்ஸ் வாங்கி, ஹால் ஒரு நேரம் மாடி ஒரு நேரம்னு ஸ்விட்ச் வச்சு கேளுங்க.

மாடிக்கு வயர் இழுக்கும்போது மெல்லிசு வயர் போட்டுறாதீங்க. 0.5 ஸ்கொயர் எம்எம் வயர் 10 மீட்டர் போட்டா போக வர சேத்து கிட்டத்தட்ட 0.7 ஓம்ஸ். ஆம்ப்புக்குள்ள 0.04 ஓம்ஸ்தான் இருக்குன்னு வச்சுக்கிட்டா 8 ஓம்ஸ் பாக்ஸுக்கு டேம்பிங் பேக்டர் (ஸ்பீக்கர் ஆட்டத்த ஆம்ப் எவ்வளவு கட்டுப்படுத்துதுன்னு காட்டுற நம்பர், எட்ட 0.04ஆல வகுத்தது) 200, இந்த வயர் போட்டா அது 11க்கு வந்துரும், பேஸ் கொழகொழன்னு ஆகும். ஹார்டுவேர் கடையில வீட்டு வயரிங்குக்கு குடுக்குற 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரே தாராளமா போதும், ஸ்பீக்கர் கேபிள்னு பேர் போட்டு விக்கிறதுக்கு அள்ளிக் குடுக்காதீங்க.

கேள்வி: களியக்காவிளை பக்கம் சார். மாமா மைக் செட் தொழில விட்டுட்டாரு, அவரோட 100 வாட்ஸ் ஆம்ப்ளிபையர் வீட்டுல சும்மா கெடக்கு. பின்னாடி 4, 8, 16, 100 வோல்ட்னு முனை இருக்கு. 100ல போட்டா சத்தம் கூடுமா? சின்ன பசங்க இருக்கற வீடு.

பதில்: 100ல போட்டா ஸ்பீக்கர் காயில் கருகும். அது திருவிழாவுக்கு தெரு நீளத்துக்கு குழாய் ஸ்பீக்கர் கட்டுறதுக்கான லைன், ஒவ்வொரு குழாய்க்கும் தனியா ட்ரான்ஸ்பார்மர் இருக்கும். 100 வாட்ஸ் ஆம்ப் அந்த முனையில எதிர்பாக்கறது 100 ஓம்ஸ், நீங்க 8 ஓம்ஸ கொண்டு போய் மாட்டினா ரெண்டு பக்கமும் ஆபத்து. வீட்டு பாக்ஸ் 8 ஓம்ஸ்னா 8னு போட்ட முனையும் காமன்னு போட்ட பொது முனையும் மட்டும், அதுவும் பாக்ஸ் எத்தன வாட்ஸ் தாங்கும்னு பாத்து வால்யூம அடக்கியே வைங்க. புல் வால்யூம்ல அந்த 100 வோல்ட் முனை தொட்டா ஷாக் அடிக்கும், அது மேல இன்னிக்கே இன்சுலேஷன் டேப் சுத்திருங்க.