மே மாதத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்கு வீடு மாற வேண்டும். வயதான மாமியாரும் 4 வயதுக் குழந்தையும் உடன் இருக்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

வீடு மாற்றுவதற்கு மே மாதத்தை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜூனில் பள்ளி திறந்துவிடும், அதற்குள் போயாக வேண்டும். நானும் இரண்டு முறை மே மாதத்தில்தான் மாறினேன். 2019இல் சென்னைக்குள்ளேயே ஒரு முறை. 2023இல் நீங்கள் போகிற அதே வழியில், திருச்சிக்கு.

முதல் முறை நாங்கள் செய்த தவறு காலை பத்து மணிக்கு லாரியை வரச் சொன்னதுதான். போனது மூன்றாம் மாடி வீட்டுக்கு, லிஃப்ட் கிடையாது. பொருள்களை இறக்கத் தொடங்கியபோதே உச்சிவெயில். ஒரு மணி இருக்கும், சுமை தூக்க வந்திருந்த இளைஞர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். "என்ன தம்பி, தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை அக்கா" என்றார். அடுத்த கேள்விக்குத் தொடர்பில்லாமல் ஏதோ சொன்னார், பேச்சு குழறியது. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. 108ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனையில் அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச வார்த்தை வரவில்லை. பத்து மணி என்று நேரம் குறித்தவள் நான்தான்.

அதனால் உங்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்: எந்தப் பொருளை எப்படிக் கட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை யாரும் சுமை தூக்காதபடி நாளைப் பிரித்துவிடுங்கள். சென்னை–திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். இந்தத் தொலைவு உங்களுக்குச் சாதகமானது. நாங்கள் மாலை நான்கரைக்கு ஏற்றத் தொடங்கி, இரவு ஒன்பது மணிக்கு லாரியை அனுப்பினோம். விடியற்காலையில் திருச்சி வந்து சேர்ந்தது. ஏற்றுவதற்குச் சென்னையில் ஓர் அணி, இறக்குவதற்குத் திருச்சியில் வேறோர் அணி. ஓட்டுநர் பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரையும் ஏற்றும் வேலையில் இழுத்துவிடாதீர்கள்.

"கத்திரி முடியட்டும், பிறகு மாறலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி என்ற உச்ச வெப்பம் பதிவானது 2003 மே 31 அன்று! பஞ்சாங்கம் பார்த்து நாள் குறியுங்கள், நேரத்தை வெயிலைப் பார்த்துக் குறியுங்கள். விடியலில் பால் காய்ச்சுவது நம் வழக்கம் என்பதால் இரண்டும் ஒத்துப்போய்விடும்.

மாமியாரையும் குழந்தையையும் ஏற்றுகிற நாளில் அந்த வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் அத்தையையும் மகளையும் இரண்டு நாள் முன்பே ரயிலில் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டேன்; ஏற்றும் வேலையைக் கணவர் பார்த்துக்கொண்டார். கோடை விடுமுறையில் ரயில் டிக்கெட் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றே பாருங்கள். அத்தைக்கு இன்சுலின் உண்டு. அதை லாரியில் போகும் ஃப்ரிட்ஜில் விடாமல், குளிர்காப்புப் பையில் வைத்து என் மடியிலேயே கொண்டுபோனேன். பனிக்கட்டியை நேரடியாகத் தொடும்படி வைக்கக் கூடாது, இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். காலையில் பார்த்தால் எல்லா வீடும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் என்றால் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கூரை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். குழாயைத் திறந்து பாருங்கள். மே மாதத்தில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

ஏசி இருந்தால் கழற்றி மாட்டும் மெக்கானிக்கிடம் இரண்டு வாரம் முன்பே நாள் வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் அவர்கள் கிடைப்பது அரிது. எங்களுக்கு ஒரு வாரம் தாமதமாயிற்று. அந்த ஏழு நாளும் காப்பாற்றியது இரவல் வாங்கிய ஏர்கூலர். சென்னையின் புழுக்கத்தில் அது உதவாது, திருச்சியின் வறண்ட வெயிலில் நன்றாகவே குளிர்வித்தது. மின்விசிறிகளை மட்டும் பொருள் வருவதற்கு முந்தைய நாளே மாட்டிவிடுங்கள்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. எரிவாயு சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் சீட்டைக் கொண்டு திருச்சியில் புதிதாக இணைப்பு எடுக்கலாம். வாசனை ஸ்பிரே, லைட்டர், பவர் பேங்க் மூன்றும் லாரிக்குள் வேண்டாம். ஊறுகாய் ஜாடியை நிமிர்த்தி, தனி வாளியில் வையுங்கள். சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும், கனமான பெட்டிகளைக் கயிற்றால் கட்டுங்கள். ஃப்ரிட்ஜை முந்தைய நாளே அணைத்துத் துடைத்து நிமிர்த்திக் கொண்டுபோங்கள். இறக்கியவுடன் போடாமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். இரும்பு பீரோவைத் தெரு வெயிலில் நிறுத்தி வைத்தால் தூக்குபவர்களின் கை வெந்துவிடும்; பழைய போர்வை ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

இரண்டு வீட்டிலும் ஒரு பானை நீர்மோர் இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த கரைசலும் வைத்திருங்கள். வேலை செய்பவர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். அரைமணிக்கு ஒருமுறை நீங்களே டம்ளரைக் கையில் கொடுத்து, உட்காரச் சொல்லுங்கள். யாருக்காவது பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், தண்ணீர் புகட்ட முயலாதீர்கள், புரையேறும். உடம்பை நனைத்து விசிறுங்கள், உடனே 108ஐ அழையுங்கள்.

மாலையிலும் விடியற்காலையிலும் வரச் சொன்னால் கூலி சற்று அதிகம் கேட்பார்கள். நாங்கள் பேரம் பேசவில்லை. நீங்களும் பேச வேண்டாம்.